சொல்லுக்கு எத்தனை ஜி.எஸ்.எம்.?

எனக்கு இங்கிலீஷ் பேச வராது. சட்டையைப் பற்றி எழுத வரும். கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும், தோள் தையல் ஏன் சுருக்கம் விழுகிறது, ரிப் ஏன் அலையடிக்கிறது என்று லண்டனில் இருக்கும் டெக்னாலஜிஸ்ட் அம்மாவோடு நாள் முழுக்க ஈமெயிலில் மல்லுக்கு நிற்பேன். அதே அம்மா திருப்பூர் வந்து, ஓட்டலில் எதிரே உட்கார்ந்து, இந்த ஊரில் மழைக்காலம் எப்போது என்று கேட்டால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து, கட்டிங் செக்‌ஷனில் துணி விரிக்கும் பையனாக உள்ளே நுழைந்து, பிறகு மெர்ச்சண்டைசர் மேசைக்கு நகர்ந்தவன் நான். என் இங்கிலீஷ் மொத்தமும் டெக் பேக்கிலிருந்தும் கமெண்ட் ஷீட்டிலிருந்தும் பொறுக்கியது. எங்கள் ஊரில் என்னைப் போன்றவர்கள் நிறைய.

மெர்ச்சண்டைசர் என்றால் கடையில் சரக்கு அடுக்குகிறவர் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். திருப்பூரில் அது வேறு வேலை. பையர் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து பெட்டி தூத்துக்குடியில் கப்பல் ஏறும் வரை நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்க வேண்டும். பையர் அனுப்பும் டெக் பேக் அந்த உடுப்பின் ஜாதகம்: படம், அளவு, துணி, தையல், லேபிள் எல்லாம் அதில் கட்டம் கட்டி இருக்கும். அது இருப்பது இங்கிலீஷில். அதை வைத்து வேலை வாங்க வேண்டியது காம்பாக்டிங் போடும் அண்ணனிடமும், தையலை எடுத்துச் செய்யும் பவர் டேபிள் காண்ட்ராக்டரிடமும், கைமடிக்கும் அக்காவிடமும். நடுவில் நிற்கிறவன் வாயில் ஒரு சொல் பிசகினால் ஐயாயிரம் பீஸ் பிசகும்.

ஆரம்ப காலத்தில் இவ்வளவு சொல் தேவைப்படவில்லை என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். உள்ளூர்ச் சந்தைக்குப் பனியன் போட்டபோது ஆர்.என்., ஆர்.என்.எஸ். என்பதிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். முதலாவது கையில்லாத வட்டக் கழுத்து, இரண்டாவது கை வைத்தது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் பம்பாய் வியாபாரிகள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்ததைத்தான் ஏற்றுமதியின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1981-ல் சி அண்ட் ஏ வந்தது. வெள்ளை டி-ஷர்ட்டுக்குப் பெரிய அகராதி வேண்டியதில்லை. கலர் வந்து, பிரிண்ட் வந்து, குழந்தை உடுப்பு வந்து, ஒவ்வொரு நாட்டின் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது சொற்களும் பெருத்துப்போயின. நான் மேசைக்கு வந்த சமயம், ஏற்றுமதி அளவுக்கு வரம்பு வைத்திருந்த கோட்டா காலம். அமெரிக்காவுக்குப் பருத்தி நிட் சட்டை என்றால் ஆணுக்கு 338, பெண்ணுக்கு 339. ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் கேட்டகிரி 4. அந்த எண்களைக் குலதெய்வத்தின் பெயர் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். 2005 ஜனவரி 1-ஆம் தேதி கோட்டா ஒழிந்தது. எண்களும் அன்றே செத்தன. புதிதாக வரும் பிள்ளைகளிடம் 339 என்றால் பஸ் நம்பரா என்று கேட்பார்கள்.

இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தேறிய கருத்து ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் ஒரு சொல்லோடு எண்ணாவது துண்டுத் துணியாவது கட்டியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத சொல் வெறும் காற்று. ரிப், இன்டர்லாக், சிங்கிள் ஜெர்சி மாதிரிப் பெயர்களால் பெரிய ஆபத்தில்லை, துணியைப் புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பவை சாஃப்ட், ஹெவி, ட்ரை, கிளீன் போன்ற பெயரடைகள்.

“ஹெவி” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் பையருக்கு டி-ஷர்ட்டில் 180 ஜி.எஸ்.எம். ஹெவி. தெரு ஃபேஷன் விற்கும் இன்னொருவருக்கு 240-க்குக் கீழே எல்லாம் தாவணித் துணி. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. அதைப் பார்க்க வட்டக் கட்டர் ஒன்று வைத்திருப்போம். ரப்பர் பலகை மேல் துணியை இழுக்காமல் விரித்து, கட்டரை வைத்து, உள்ளங்கையால் அழுத்திச் சுற்றினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் கழன்று வரும். மின்தராசில் அது 1.80 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி 180 என்று எழுத வேண்டியதுதான். பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற கணக்கு. ஆனால் எந்த இடத்தில் வெட்டினீர்கள், எப்போது வெட்டினீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஓரத்தில் வெட்டினால் ஒரு எடை, நடுவில் வெட்டினால் வேறு எடை. பருத்தி ஈரத்தைக் குடிக்கும். அதனால்தான் லேபில் 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் என்று அறையைக் கட்டிப்போடுகிறார்கள். ஐப்பசி மழையில் ஷட்டர் திறந்த குடோனில் எடுக்கும் எடையை நம்பி எந்த ரிப்போர்ட்டும் எழுதக்கூடாது.

“அண்ணா, 180 கேட்டமுங்க. 168 தான் நிக்குது.”

“இப்பத்தான தம்பி மெஷின்ல இருந்து எறங்குச்சு? இழுத்த இழுப்புல கெடக்குது. ராத்திரி படுத்து எந்திரிக்கட்டும், காலைல வந்து வெட்டிப் பாருங்க.”

காம்பாக்டிங் அண்ணன் சொன்னது சால்ஜாப்பு இல்லை. நிட் துணி வளையங்களால் ஆனது. மெஷினில் நீளவாக்கில் இழுபட்ட வளையங்கள் ஓய்வு கிடைத்ததும் தம் இருப்புக்குத் திரும்பும், துணி கொஞ்சம் சுருங்கும், எடை ஏறும். மறுநாள் காலையில் 175 காட்டும். ஐந்து சதவீதம் கூடுதல் குறைவு அனுமதி என்று ஆர்டரில் இருந்தால் தப்பித்தோம். அதே துணியை ஒரு முறை துவைத்தால் 180-ஐத் தாண்டிவிடும். ஆகவே பையர் எழுதிய 180 துவைப்பதற்கு முன்னாலா பின்னாலா என்பதை நூல் வாங்குவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். சிங்கிள் ஜெர்சியில் 180-க்கு 24-ஆம் நம்பர் நூல், 150-க்கு 30-ஆம் நம்பர் என்று கைக்கணக்கு உண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 840 கெஜம் கொண்ட சிட்டம் 30 சேர்ந்தால் ஒரு ராத்தல் என்பதுதான் 30-ஆம் நம்பரின் பொருள். நூலை முடிவு செய்துவிட்டால் பிறகு பையர் என்ன பெயரடை போட்டாலும் துணி திரும்பாது.

“சாஃப்ட்” இதைவிட மோசம். அதற்கு எடைத் தராசும் கிடையாது. ஹாண்ட்ஃபீல் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், தொட்டால் கைக்கு எப்படி இருக்கிறது என்று. பயோ வாஷ் போட்டால் என்சைம் துணியின் மேல் நிற்கும் பிசிரைத் தின்றுவிட்டு வழவழப்புக் கொடுக்கும். சிலிக்கான் போட்டால் வழுக்கும். சூயிடிங் செய்தால் பீச் பழத்தின் தோல் மாதிரி மயிர் நிற்கும். மூன்றுமே சாஃப்ட். மூன்றுக்கும் கிலோவுக்கு ஆகும் செலவு வேறு வேறு. நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். ஒரே துணியில் மூன்று துண்டு வெட்டி, மூன்று ஃபினிஷ் போட்டு, ஏ, பி, சி என்று அட்டையில் குத்தி அனுப்புவேன். பையர் ஒன்றில் கையெழுத்துப் போட்டு ஒரு பாதியைத் திருப்பி அனுப்புவார். அதற்குப் பிறகு என் ஈமெயிலில் சாஃப்ட் என்ற சொல்லே இருக்காது. “அப்ரூவ்டு பி பிரகாரம்” என்றுதான் எழுதுவேன். லண்டன் அம்மா “ப்ளீஸ் மேக் இட் சாஃப்டர்” என்று எழுதினால் பி-யை விட்டு விலகுகிறீர்களா, விலை மாறும், என்று ஒரு வரி. பெரும்பாலும் அத்தோடு அடங்கிவிடும்.

இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒரே மொழி பேசுகின்றன என்று எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் நம்பியிருந்தார். அவர் ஒரு நாள் என் மேசையில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். லண்டன் பையரின் வெஸ்ட் நம் பனியன். நியூயார்க் பையரின் வெஸ்ட், சட்டை மேல் போடும் கையில்லாத கோட்டு. லண்டனில் பாண்ட்ஸ் என்றால் உள்ளே போடுவது, நியூயார்க்கில் வெளியே போடுவது. ஜம்பர் லண்டனில் ஸ்வெட்டர், நியூயார்க்கில் பெண் குழந்தைக்குச் சட்டை மேல் மாட்டும் கையில்லாத பாவாடைச் சட்டை. ஆண்கள் பாண்ட்டைத் தோளில் மாட்டும் வாரை லண்டன்காரர் பிரேசஸ் என்பார், நியூயார்க்காரர் சஸ்பெண்டர் என்பார். அதே சஸ்பெண்டர் லண்டனில் பெண்களின் காலுறையைப் பிடிப்பது. விசாரணை மெயில் வந்ததும் விலை போடுவதற்கு முன் படம் கேளுங்கள் என்று ஜூனியர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். படம் இல்லாத வெஸ்ட்டுக்கு விலை போடக்கூடாது.

குழந்தை உடுப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அடியில் பட்டன் வைத்து மூடும் உடுப்பை எல்லோரும் ஒன்சி என்பார்கள். கெர்பர் என்ற அமெரிக்கக் கம்பெனி பதிவு செய்து வைத்திருக்கும் பெயர் அது. பேசலாம், அட்டையில் அச்சடிக்கக் கூடாது. பாடிசூட் என்று போட வேண்டும். வெல்க்ரோவும் அப்படித்தான், எழுத்தில் ஹூக் அண்ட் லூப். லைக்ராவும் அப்படித்தான்.

ஆனால் எல்லாவற்றிலும் பலமான சொல் எது என்று கேட்டால் ஸ்லீப்வேர் என்பேன். அமெரிக்க ஆர்டரில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். ஒன்பது மாதத்துக்கு மேல் 14-ஆம் சைஸ் வரையில் குழந்தைகள் தூங்கப் போடும் உடுப்பு அங்கே தீப்பிடிக்காத துணியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்போடு ஒட்டித் தைத்திருக்க வேண்டும். தொளதொளவென்று இருக்கும் பருத்தி, அடுப்புப் பக்கமோ மெழுகுவர்த்திப் பக்கமோ போனால் சட்டென்று பற்றிக்கொள்ளும். உடம்போடு ஒட்டியிருந்தால் துணிக்கு அடியில் காற்று குறைவு, தீ ஓட வழி குறைவு. இதற்காக மார்பு, இடுப்பு, தொடை, மேல்கை என்று ஒவ்வொரு சைஸுக்கும் அதிகபட்ச அளவு சட்டத்திலேயே உண்டு. சாதாரண டி-ஷர்ட்டில் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். இதில் கூட்டலே கிடையாது, கழித்தல் மட்டும்தான். உடம்போடு ஒட்டியது, தீத்தடுப்பு இல்லாதது என்று மஞ்சள் அட்டை ஒன்று தொங்க வேண்டும்.

இதே துணி, இதே பிரிண்ட், இதே தையல். ஆர்டரில் பிளேவேர் என்று போட்டிருந்தால் இந்தச் சட்டம் தொடாது. எனவே சில பையர்கள் பைஜாமா மாதிரியே இருக்கும் செட்டுக்கு லவுஞ்ச்வேர் என்று பெயர் வைத்து அனுப்புவார்கள். நிலாவும் தூங்கும் கரடியும் பிரிண்டில் இருக்கும், பெயர் மட்டும் லவுஞ்ச்வேர். அதைத் தூங்கப் போடும் உடுப்பாகத்தான் சட்டம் பார்க்கும், பெயரை வைத்து ஏமாற்ற முடியாது. அப்படி வந்தால் கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, பிரதியை ஃபைலில் வைத்த பிறகுதான் பேட்டர்ன் மாஸ்டரிடம் போவேன். இதில் சோம்பல் படக்கூடாது. அந்தக் கரடியைப் போட்டுக்கொண்டு தூங்கப் போவது ஒரு குழந்தை.

ஐரோப்பாவுக்கு இதே இடத்தில் டிராஸ்ட்ரிங். ஏழு வயது வரையிலான குழந்தைகளின் குல்லாயிலும் கழுத்திலும் கயிறு வரவே கூடாது என்கிறது ஈ.என். 14682. டிசைனர் அழகுக்காகக் கயிறு வரைந்து அனுப்புவார். அதை எடுத்துவிடச் சொல்லி நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அளவுக்கு வருவோம். டெக் பேக்கில் ஹெச்.பி.எஸ். என்று மூன்றெழுத்து இருக்கும். தோளின் உச்சிப் புள்ளி. நீளம், கழுத்து இறக்கம், பிரிண்ட் வைக்கும் இடம் எல்லாம் அங்கிருந்துதான் அளப்பார்கள். டி-ஷர்ட்டை மேசையில் விரித்து, தோள் தையல் கழுத்தைத் தொடும் இடத்தில் டேப்பை வைப்பது பழக்கம். ஆனால் சில ஸ்டைலில் தோள் தையலை ஒன்றரை சென்டிமீட்டர் முன்பக்கம் தள்ளியிருப்பார்கள், ஃபார்வர்டு ஷோல்டர். அப்போது உச்சி தையலில் இல்லை, மடிப்பில் இருக்கிறது. தையலிலிருந்து அளந்த செக்கிங் பிள்ளைக்கு நீளம் குறைகிறது, மடிப்பிலிருந்து அளந்த பையரின் ஆளுக்குச் சரியாக இருக்கிறது. சண்டை வந்துவிடும். சட்டை அதேதான், சண்டை டேப்பின் முனையைப் பற்றியது. இதற்காகவே ஒவ்வொரு ஸ்டைலுக்கும் அளக்கும் இடங்களைச் சாக்பீஸால் வரைந்த ஒரு பீஸை லைனில் தொங்கவிடுவேன். கைநீளத்திலும் இப்படித்தான். தோளிலிருந்தா, பின்கழுத்து நடுவிலிருந்தா என்று பார்க்காமல் அளந்தால் போச்சு. ராக்லன் கையில் தோள் தையலே கிடையாது, அக்குளிலிருந்து கழுத்துக்கே ஓடிவிடும். அங்கே பின்கழுத்திலிருந்து அளப்பது தவிர வேறு வழியில்லை.

ராக்லன் என்றதும் ஞாபகம் வருகிறது. வயதான ஓர் ஆங்கிலேய இன்ஸ்பெக்டர் டீ குடிக்கும்போது சொன்னது. வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த பிரபுவின் பெயர் அது. பின்னால் கிரீமியப் போரில் அவர்தான் பிரிட்டிஷ் படைக்குத் தலைவர். அதே போரில் பாலக்லாவா என்ற ஊரில் 1854-ல் குதிரைப்படையை நடத்திப் போனவர் கார்டிகன் பிரபு. ஒரு போரிலிருந்து ஒரு கை, ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லாய். படையில் பாதிப் பேர் செத்தாலும் உடுப்புக் கடைக்கு லாபம் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் ராக்லன் தையலை அதற்குப் பிறகு மறக்கவில்லை.

தையல் செக்‌ஷனுக்குள் நுழைந்துவிட்டால் பையரின் இங்கிலீஷ் செல்லாது. அங்கே வேறு இங்கிலீஷ் நடக்கிறது. லாக்ஸ்டிச் மெஷினுக்குச் சிங்கர் என்று பெயர். மெஷின் ஜப்பானிலிருந்து வந்திருந்தாலும் சிங்கர்தான், அதில் உட்கார்கிறவர் சிங்கர் டைலர். ஃப்ரெஞ்ச் டெர்ரி லூப் நிட். பட்டன் துளை காஜா. கழுத்தில் வைப்பது பட்டி. திருத்த வேண்டிய பீஸ் ஆல்டர். அடி மடிப்பு அடிக்கும் கவர்ஸ்டிச் மெஷின் பேட்லாக், அதாவது ஃப்ளாட்லாக். இந்தக் கடைசிச் சொல்லில் பணம் இருக்கிறது. பையரின் டெக் பேக்கிலும் ஃப்ளாட்லாக் என்ற சொல் வரும். ஆனால் அவர் சொல்வது வேறு. இரண்டு துணிகளை முட்டவிட்டு நான்கு ஊசி, ஆறு நூல் போட்டுத் தட்டையாக இணைக்கும் தையல் அது. ஓடுகிறவர்கள் போடும் உடுப்பில் தோலில் உரசக்கூடாது என்பதற்காகச் செய்வது. அதற்கு மெஷினே தனி, எல்லாக் கம்பெனியிலும் இருக்காது. நம் பேட்லாக் இரண்டு ஊசி, மூன்று நூல்.

இந்த இடத்தில்தான் ஐ.எஸ்.ஓ. 4915-ஐக் கும்பிடத் தோன்றும். தையலுக்கெல்லாம் எண் வைத்திருக்கிறார்கள். சிங்கர் 301, நாலு நூல் ஓவர்லாக் 514, நம் பேட்லாக் 406, அவர்களின் ஃப்ளாட்லாக் 607. டெக் பேக் வந்ததும் ஒவ்வொரு தையலுக்கும் பக்கத்தில் எண்ணை எழுதிப் பையரிடம் ஒப்புதல் வாங்குவேன். 607 என்று பதில் வந்தால் விலை வேறு, கம்பெனியே வேறு. காண்ட்ராக்டருக்கு எண் தேவையில்லை. அவரிடம் ஒரு சாண் நீளத் தையல் துண்டைக் கொடுத்தால் போதும். புரட்டிப் பார்த்து, “இது நம்ம மெஷின்ல வராதுங்க தம்பி” என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு சாண் துண்டு, பத்து ஈமெயில் செய்யாததைச் செய்யும்.

சாம்பிளைப் பார்த்துப் பையர் எழுதும் கமெண்ட் ஷீட்டின் இங்கிலீஷுக்குத் தனி ருசி. கழுத்து திணறுகிறது என்பார்கள், அக்குள் கடிக்கிறது என்பார்கள், முன்பக்கம் உதைக்கிறது என்பார்கள். அடி மடிப்பு கயிறாக முறுக்கிக்கொண்டால் ரோப்பிங். தையலை இருபுறம் இழுக்கும்போது உள்ளே நூல் தெரிந்தால் சீம் கிரின், அதாவது தையல் சிரிக்கிறது. எங்கள் டைலர்கள் இங்கிலீஷ் தெரியாமலே “பல்லிளிக்குது” என்பார்கள். நூல் இழுவிசை தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் சரியாகும் என்பது இருவருக்கும் ஒரே நொடியில் விளங்கும். இந்தச் சொற்களில் எனக்குக் குறையில்லை, ஒவ்வொன்றும் உடம்பில் எங்கே வலி என்று காட்டுகிறது. குறை “ஸ்லைட்லி” மேல்தான். கழுத்து ஸ்லைட்லி அகலம் என்றால் இரண்டு மில்லிமீட்டரா, ஒரு சென்டிமீட்டரா? “ஓகே டு ப்ரொசீட், சப்ஜெக்ட் டு கமெண்ட்ஸ்” என்ற வரியும் இதே ஜாதி. கையெழுத்து அவருடையது, பொறுப்பு நம்முடையது.

கலருக்கு நல்ல காலம், எண் வந்துவிட்டது. பான்டோன் அட்டையில் பருத்தித் துணிக்கு டி.சி.எக்ஸ்., காகிதத்துக்கு டி.பி.எக்ஸ்., இப்போது டி.பி.ஜி. சாயப்பட்டறை லேப் டிப் என்ற சாய மாதிரித் துண்டு போட்டுக் கொடுக்கும். அதை லைட் பாக்ஸில் வைத்துப் பகல் வெளிச்சமான டி65-லும், ஐரோப்பியக் கடை விளக்கான டி.எல்.84-லும் பார்க்க வேண்டும். ஒன்றில் ஒத்துப்போன நேவி மற்றதில் ஊதாவாகத் திரும்பும். அந்தத் துரோகத்துக்கு மெட்டாமெரிசம் என்று பெயர். எண் இல்லாமல் உயிரோடிருப்பவை மெலஞ்ச் கலர்கள். சாயமிட்ட பஞ்சை நூற்பிலேயே கலப்பதால் மில்லுக்கு மில் மாறும். கரிச் சாம்பல் நிறத்தை ஆந்த்ரா மெலஞ்ச் என்கிறோம், ஆந்த்ரசைட் நிலக்கரியிலிருந்து வந்த பெயர். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதை ஆந்திரா மில் சரக்கு என்றே சில மாதம் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சாயம் போவதற்கு நாங்கள் பயப்படாத நாளில்லை. ஆனால் அதையே பெருமையாக விற்ற காலமும் இருந்தது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மதராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து கலக்கும். ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்று பெயர் வைத்து அதையே சிறப்பாக்கிவிட்டார்கள். இன்றைக்கு என் கமெண்ட் ஷீட்டில் ப்ளீடிங் என்று வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நொய்யல் கரைச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணி வெளிமாநிலம் வரை போய்ச் சாயமேறி வந்தது. அப்போதிருந்து ஊரில் டீக்கடைக்காரருக்கும் தெரிந்த சொல் இசட்.எல்.டி., ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்பது.

லேபிள் தனி உலகம். வளையும் நூலை ஐரோப்பிய லேபிளில் எலாஸ்டேன் என்று எழுத வேண்டும், 2011-ஆம் ஆண்டின் 1007-ஆம் ஒழுங்குமுறை அதன் பெயரை அப்படி வைத்திருக்கிறது. அமெரிக்க லேபிளில் ஸ்பாண்டெக்ஸ் என்று போடுவது வழக்கம். மூங்கில் என்று சொல்லி விற்கும் துணி, மூங்கில் கூழைக் கரைத்து எடுத்த விஸ்கோஸ். அமெரிக்காவில் வெறுமனே மூங்கில் என்று அச்சிட்டால் குற்றம். ஆர்கானிக் என்பதற்கு ஜி.ஓ.டி.எஸ். சான்றிதழ்க் கணக்கில் 95 சதவீதம் ஆர்கானிக் இழை வேண்டும். 70 இருந்தால் ‘ஆர்கானிக் கலந்து செய்தது’ என்று மட்டும் போடலாம்.

கடைசியில் வரும் இன்ஸ்பெக்‌ஷன் முழுவதும் எண்கள்தான் என்பதால் எனக்கு அது பிடிக்கும். ஐயாயிரம் பீஸ் ஆர்டருக்குக் குறை வரம்பான ஏ.க்யூ.எல். 2.5 என்றால் 200 பீஸ் எடுப்பார்கள். பத்து மேஜர் வரை பாஸ், பதினொன்று என்றால் ஃபெயில். அந்தப் பதினொன்றாவது பீஸ் மேஜரா மைனரா என்று வாதாடுவதற்கு மட்டும் மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். பிசிர் வெட்டாதது மைனர், தையல் விட்டது மேஜர், உள்ளே ஊசி முனை இருந்தால் கிரிட்டிக்கல். ஒன்று வந்தாலே மொத்தப் பெட்டியும் நிற்கும்.

இப்போது லைனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் நிறையப் பேர். சூப்பர்வைசர் பேசுவது தமிழா ஹிந்தியா என்று அவருக்கே தெரியாது. “பேட்லாக் மே ஸ்கிப் ஆதா ஹை, ஆல்டர் கரோமா” என்பார். அந்தப் பெண் சிரிக்காமல் பீஸைத் திருப்பி எடுத்துக்கொள்வாள். பட்டியும் காஜாவும் அவர்கள் ஊரிலும் அப்படியே இருக்கின்றன. பீஸ் ரேட், ஒன்றரை ஷிஃப்ட், சனிக்கிழமை சம்பளம் ஆகியவற்றை வந்த வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். குறைகளுக்கு நான் ஒரு போர்டு வைத்திருக்கிறேன். ஸ்கிப், ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, பல்லிளிப்பு என்று ஒவ்வொன்றின் நிஜத் துண்டையும் ஒட்டி, கீழே மூன்று மொழியில் பெயர். எழுத்தை யாரும் படிப்பதில்லை, துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் காலத்தில்தான் பையர்கள் கம்ப்யூட்டர் சாம்பிள் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். திரையில் ஒரு பொம்மை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பி நடக்கிறது. கூரியர் மிச்சம், துணி மிச்சம், பூமிக்கு நல்லது என்கிறார்கள். அளவு பார்க்க உண்மையில் நன்றாகவே உதவுகிறது, பழைய ஆட்கள் சிலர் மாதிரி நான் அதைத் திட்டுவதில்லை. ஆனால் போன சீசனில் திரையில் பார்த்துவிட்டு வந்த முதல் கமெண்ட், “டிரேப் ஷுட் பி மோர் ஃப்ளூயிட்” என்பது. எவ்வளவு ஃப்ளூயிட் என்று திருப்பி எழுதினேன். மூன்று துணித் துண்டு அனுப்புங்கள், தொட்டுப் பார்த்துச் சொல்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. கூரியர் செலவு யார் தலையில் என்று இன்னும் முடிவாகவில்லை.